டீலியா உட்கார்ந்த கல்

கில்வாரன் மடாலயத்தின் சாவி என் உள்ளங்கையைவிட நீளம். முப்பத்தெட்டு வருடம் அது டீலியா காவகன் வீட்டு வாசலில், தீர்த்தக் கிண்ணத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. இடிந்த கட்டடத்துக்குப் பூட்டு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆடுகளுக்காகத்தான். கூரை போய்விட்டதே தவிர, உள்ளே எங்கள் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். காவகன்கள், லாஃப்டஸ்கள், எங்கள் ருவேன்கள் என்று நடுக்கூடம் முழுக்க அப்பன் பாட்டன் கல்லறைகள். அவர்கள் தலைமேல் ஆடு மேய்ந்தால் எங்களுக்குப் பொறுக்காது.

சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விடலாம் என்று நினைத்தவன் எவனும் தப்பியதில்லை. "நான் வராம உங்களுக்கு என்னத்தப் புரியும்?" என்று கேட்டுக்கொண்டே டீலியா ரப்பர் பூட்ஸை மாட்டுவாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஆளை விடமாட்டாள். நான் அப்போது ஒரு பழைய ஃபோர்டு கார் வைத்திருந்தேன். ரயிலடியில் இறங்குகிறவர்களை ஏற்றிவந்து அவளிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே சுவரில் சாய்ந்து பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் பேச்சு அத்தனையும் எனக்கு மனப்பாடம். வேண்டாம் என்றாலும் காதில் விழுந்துதானே தீரும்.

"ஆயிரத்து நூத்தித் தொண்ணூறுல வெள்ளை அங்கிச் சாமியாருங்க வந்தாங்க. அப்போ இது வெறும் நாணல் காடு. ஓடையைத் திருப்பி விட்டு, ஒரு மைலுக்கு அந்தாண்ட கல்லு வெட்டி, எருது பூட்டி இழுத்து வந்து கட்டினாங்க. கிழக்க பாருங்க, மூணு ஜன்னல். ஏன் மூணு? பிதா, சுதன், பரிசுத்த ஆவி. காலைப் பூசைக்கு வெயில் மூணு கோடா வந்து பீடத்துல விழும். இந்தச் சின்னப் படி இருக்கே, இது மேல அவங்க தூங்குற கூடத்துக்குப் போகுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து இப்படித்தான் இறங்கி வந்து ஜெபம் பண்ணுவாங்க. நடுப்படி எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. அத்தனையும் அரைத் தூக்கத்துல நடந்த காலு." இந்த இடத்தில் எல்லோரும் குனிந்து படியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நானும் ஒருநாள், யாரும் இல்லாதபோது, தொட்டுப் பார்த்தேன்.

கூரை எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான், எந்தக் காலத்திலோ படையோடு வந்து எங்களை நாசம் பண்ணிய ஆங்கிலேயத் தளபதியின் பெயர். "கிராம்வெல்." ஜன்னல் உடைந்தது யாரால்? கிராம்வெல். மணியைக் கொண்டுபோனது? அதுவும் கிராம்வெல். "போன வருஷம் உன் கோழிக்கூண்டு காத்துல போச்சே, அதுவும் அவன்தானா?" என்று நான் சுவருக்கு வெளியிலிருந்து கேட்பேன். "ஜார்லத் ருவேன், உன் வாயில புகை மட்டும் வந்தாப் போதும்" என்பாள்.

கடைசியாக வடக்குச் சிறகுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மேலிருந்து பார்த்தால் கோயில் சிலுவை வடிவம். அந்தச் சிலுவையின் இடதுகைதான் வடக்குச் சிறகு. அங்கே யார் குடும்பத்துக்கும் கல்லறை கிடையாது. சுவரோரமாக முழங்கால் உயரத்தில் ஒரு கல் நிற்கும். பக்கவாட்டில் ஒரு சின்னப் பறவை, தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டு தூங்குகிறமாதிரி செதுக்கியிருக்கும். "இதுதான் மடாதிபதி நாற்காலி. உட்கார்ந்து ஒரு ஜெபம் சொன்னா இடுப்பு வலி போயிடும்" என்பாள். எத்தனை அமெரிக்காக்காரர்கள் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்திருப்பார்கள். கதை முழுக்க அவள் சொந்தச் சரக்கு. அவளே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். "ஒரு கல்லு இருந்தா அதுக்கு ஒரு காரணம் சொல்லணும். தெரியாதுன்னா மூஞ்சி வாடிப்போயிடுது அவங்களுக்கு."

மதியம் அவள் சாப்பிடுவதும் அந்தக் கல்லில்தான். சோடா ரொட்டி, வெண்ணெய், சூடு ஆறாமலிருக்கக் காலுறைக்குள் சொருகிய பாட்டிலில் டீ. மழை கொட்டினால் ஒழிய அந்த இடத்தை மாற்றமாட்டாள்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டீலியாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எனக்கு அவள்மேல் ஆசை இருந்தது. அவள் கோல்மன் காவகனைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் பழகிவிட்டது. கோல்மன் வாய் திறந்து பேசாத ஆள். இரண்டு காது இருந்தால் போதும், டீலியாவோடு குடித்தனம் பண்ண வாய் எதற்கு என்று ஊரே சிரிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடம் மார்ச் மாதம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. மூச்சு வரவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளைக் குடும்பக் கல்லறையில் வைக்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் சட்டம். தகப்பன்தான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விடிவதற்கு முன் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வரவேண்டும். அடையாளம் வைக்கமாட்டார்கள். எந்த இடம் என்று தாய்க்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவள் அங்கேயே போய் விழுந்து கிடப்பாள் என்று பெரியவர்கள் பயம். ஊருக்கே தெரியும், ஊரில் ஒருவரும் பேசமாட்டோம். இப்போது நினைத்தால் எங்கள் எல்லோர்மேலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. என்மேலும் சேர்த்துத்தான்.

மடாலயத்தின் வடக்குப் பக்கம் என்பது மட்டும்தான் டீலியாவுக்குத் தெரிந்தது. அறுபதடி நீளமுள்ள பக்கம் அது. அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நாலு வருடம் கழித்துப் பழைய காவல்காரர் போய்ச் சேர்ந்தபோது, டீலியாவே டப்ளினில் இருக்கும் சர்க்கார் ஆபீசுக்குக் கடிதம் எழுதிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று பேசினார்கள். கோல்மன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முதல்நாள் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், "மதியம் வடக்குச் சிறகுல உட்காரு. அந்தக் கல்லு கிட்ட. அங்க காத்து அடிக்காது" என்றானாம். அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து அவன் நிமோனியாவில் படுத்தான். மூன்றாம் நாள் போய்விட்டான். நடுக்கூடத்தில் அவன் அப்பா அம்மா பக்கத்தில் அவனை வைத்தோம். குழி வெட்டினவர்களில் நானும் ஒருவன்.

எழுபத்துநாலாம் வருடம் ஜூன் மாதத்தில் டப்ளினிலிருந்து ஹெஸ்டர் என்று ஒரு பெண் வந்தாள். பழைய கட்டடங்களை அளந்து படம் வரைகிறவள். முப்பது வயதிருக்கும். கால்சட்டை, கழுத்தில் அளவு நாடா. முதல் நாளே டீலியாவுக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது.

"மிஸஸ் காவகன், இந்தக் கோபுரம் சாமியார்கள் முதல்ல கட்டினதில்ல. அவங்க சபையில அப்போ கோபுரமே கட்டக்கூடாது. இது இருநூத்தம்பது வருஷம் கழிச்சு நடுவுல சொருகினது."

"சொருகினதா? இது என்ன தலையில பூவா?"

"இங்க பாருங்க. பழைய வளைவை அடைச்சு, அது மேல புதுத் தூண் ஏத்தியிருக்காங்க. கல்லோட நிறமே வேற. அப்புறம், கிராம்வெல் இந்தப் பக்கம் வரவே இல்ல. அவனுக்கு நூறு வருஷம் முன்னாடியே எட்டாம் ஹென்ரி ராஜா மடத்தை மூடினான், கூரையில இருந்த ஈயத்தை உருக்கி எடுத்தாங்க, மழை மீதியைப் பாத்துக்கிச்சு."

நான் சுவருக்கு வெளியே நின்று சிரித்ததை டீலியா பார்த்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாளே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஹெஸ்டர் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில் நின்று, "பதினேழு அடி நாலு அங்குலம்" என்று கத்துவாள். எந்தச் சுவரில் எந்தக் கல் ஆடுகிறது, எந்தப் பொந்தில் எந்த மாதம் தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணின் புத்தகத்தில் இல்லை. ஹெஸ்டரும் கெட்டிக்காரி, அதையெல்லாம் குறித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் இருவரும் ஒரே பாட்டிலில் டீ குடித்தார்கள்.

பிறகு ஹெஸ்டர் வடக்குச் சிறகுக்கு வந்தாள். அங்கே குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கோபுரத் தூணின் அடியை அரிக்கிறது. ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைச் சுவருக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். தூணடியிலிருந்து நேராக, மூன்றடி ஆழம். அடுத்த திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

"வேணாம்" என்றாள் டீலியா.

"விட்டா பத்து வருஷத்துல தூண் உட்கார்ந்துடும், மிஸஸ் காவகன்."

"மண்ணு சரியில்ல."

"அதனாலதான் தோண்டணும்."

"அங்க தேனீ இருக்கு. சாமியாருங்க எலும்பு இருக்கும். வடக்குப் பக்கம் மண்வெட்டி படக்கூடாது, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். ஹெஸ்டரும், அன்றைக்கு அவள் பையைத் தூக்கி வந்த நானும் உள்ளே இருக்கும்போதே கதவைப் பூட்டிவிட்டாள். நாற்பது நிமிடம் கத்திக் கூப்பிட்டுத்தான் வெளியே வந்தோம்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஹெஸ்டர் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும். முப்பத்தேழு வருடம் மூடிப் பழகிய வாய். "வயசாயிடுச்சு" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மறுநாள் காலை டீலியாவே கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தாள். வடக்குச் சிறகில் அந்தக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, "ஜார்லத், நீயும் இரு, போகாத" என்றாள். பிறகு ஹெஸ்டரைப் பார்த்து, சாதாரணமாகப் படியையும் ஜன்னலையும் பற்றிச் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

"என் பொண்ணு இந்தப் பக்கம் எங்கயோ இருக்கா. எங்கன்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரன்தான் கொண்டுவந்து வச்சான். அவன் சாகும்போது கேட்டேன். கேக்கக் கூடாத நேரத்துல கேட்டேன், அவனுக்கு மூச்சே இல்ல. உங்க ஆளுங்க மண்வெட்டி அவ மேல பட்டா எனக்குத் தாங்காது. அதான் விஷயம். இடம் காட்டுன்னா எனக்குக் காட்டத் தெரியாது."

ஹெஸ்டர் நாடாவைச் சுருட்டிக் கீழே வைத்தாள். பையைத் திறந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தாள்.

"இதை நேத்தே காட்ட வச்சிருந்தேன். நீங்க கோவிச்சிட்டுப் போயிட்டீங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதுல எடுத்தது. இதே வடக்குச் சிறகு. பாருங்க, நீங்க உட்கார்ந்திருக்கிற கல்லு இங்க இல்ல."

நானும் குனிந்து பார்த்தேன். சுவர், காஞ்சொறிச் செடி, புல். கல் இல்லை.

"இது மடாதிபதி நாற்காலி இல்ல. தெற்க இருக்கிற சுற்று மண்டபத்துத் தூணோட அடிக்கல். அங்க ஒன்பது பறவைக் கல்லு இருந்திருக்கு, இப்போ எட்டுதான் இருக்கு. ஒன்பதாவதை அதோட இடத்துல திருப்பி வைக்கணும்னுதான் நெனச்சேன். யாரோ அதைத் தூக்கி இங்க கொண்டுவந்திருக்காங்க. திருடறவன் வெளிய கொண்டுபோவான். இவங்க உள்ள, இன்னும் உள்ள கொண்டுவந்திருக்காங்க. நாலு ஆள் பாரம். ஒரு ஆளுன்னா வண்டி வேணும்."

வண்டி என்றதும் பைப்பை வாயிலிருந்து எடுத்தேன்.

என் ஒற்றைச் சக்கரக் கைவண்டியைக் கோல்மன் ஒருமுறை இரவல் வாங்கினான். புது வண்டி. என் அப்பா செய்து கொடுத்தது. அச்சு முறிந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்தான். என்ன ஏற்றினாய் என்று கேட்டதற்கு, "பன்னித் தொட்டி" என்று மட்டும் சொன்னான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் முன்னால் அவனைப் பிடித்துக்கொண்டேன். பொண்டாட்டி முன்னால் வாய் திறக்கத் துப்பில்லாதவன், இரவல் வண்டியையாவது ஒழுங்காகத் திருப்பித் தரக்கூடாதா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முப்பத்தேழு வருடமாக அந்தப் பன்னித் தொட்டிக் கதையைச் சாராயக் கடையில் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் பன்னியே கிடையாது என்பது ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

"டீலியா," என்றேன். "அது என் வண்டி."

எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசலில் பேசியதையும் விடவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"மார்ச்சு. பேட்ரிக் திருநாள் முடிஞ்ச வாரம். முப்பத்தேழு."

டீலியா கல்லிலிருந்து எழுந்தாள். சுடுகல்லில் உட்கார்ந்தவள் மாதிரி எழுந்து தள்ளி நின்றாள். "ஐயோ, அவ மேல உட்கார்ந்து ரொட்டி தின்னிருக்கேனே" என்றாள். அவள் குரல் அப்படிப் போய் நான் கேட்டதில்லை. "வந்தவன் போனவனையெல்லாம் உட்கார வச்சேனே. இடுப்பு வலிக்கு."

"இல்ல, மிஸஸ் காவகன்." ஹெஸ்டர் மண்டியிட்டுக் கல்லின் அடியில் புல்லை விலக்கினாள். கல்லிலிருந்து சுவர்ப்பக்கமாக, புல்லின் வேருக்குள், முட்டையளவு வெள்ளைக் கற்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, ஏழு. ஒரு மூன்றடி நீளத்துக்கு. "இது மேல வச்ச கல்லு இல்ல. தலைமாட்டுல வச்ச கல்லு. அவ இந்தப் பக்கம் படுத்திருக்கா."

டீலியா குனிந்து ஒரு வெள்ளைக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலைமாட்டுல" என்றாள். "அப்போ நான் தினம் அவ தலைமாட்டுலதான் உட்கார்ந்திருந்தேன்."

"ஆமா."

"அவன் சொல்லிட்டான், ஜார்லத். என் காதுலதான் ஏறல. அங்க உட்காரு, காத்து அடிக்காதுன்னு அன்னைக்கே சொல்லிட்டான்." அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு பாழாயிற்று. நானும் அழுதேன். அறுபத்திரண்டு வயதுக் கிழவன், அதிலென்ன வெட்கம். அன்றைக்குக் காற்றும் அடிக்கவில்லை. கோல்மன் சொன்னது உண்மைதான், அந்த மூலையில் அடிப்பதில்லை.

வாய்க்கால் வெட்டினார்கள். தூணடியிலிருந்து நேராக வந்து, கல்லுக்கு ஆறடி முன்னால் வளைந்து, சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. இருபதடி கூடுதல் வேலை. எதற்கு இந்த வளைவு என்று மேஸ்திரி கேட்டதற்கு, "படத்துல அப்படித்தான் இருக்கு" என்றாள் ஹெஸ்டர். சுற்று மண்டபத்தில் ஒன்பதாவது பறவையின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவள் வரைந்த படத்தின் நகல் டீலியா அடுப்பங்கரையில் மாட்டியிருந்தது. தூண், வளைவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் நூற்றாண்டு போட்டிருப்பாள். வடக்குச் சிறகில் சின்னதாக ஒரு சதுரம். அதன் பக்கத்தில், 'கல், 1937, கோல்மன் காவகன் வைத்தது.'

அந்தக் கோடையிலேயே ஃபாதர் டியர்னன் வந்து அந்த இடத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். இளவயதுச் சாமியார். பெயர் என்ன என்று கேட்டார். டீலியா யோசிக்கவே இல்லை. "ஹோனர்" என்றாள். அத்தனை வருடமும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் மடாதிபதி நாற்காலிக் கதை நின்றுபோயிற்று. யாரையும் அதில் உட்காரவிடமாட்டாள். இடுப்பு வலிக்கு என்ன செய்வது என்று நான் கேட்டால், "டாக்டரைப் பாரு" என்பாள். கோபுரம் பிற்பாடு சொருகியது என்று ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினாள். கிராம்வெலை மட்டும் விடவில்லை. ஆனால் மதிய ரொட்டி மட்டும் அதே இடத்தில்தான், அதே கல்லில்தான். அது அவள் உரிமை. நடுவில் ஒருநாள் என்னிடம், "என்னைக் கோல்மன் கிட்ட வைக்காதீங்க. அவனுக்கு அப்பா இருக்கார், அம்மா இருக்காங்க. அவளுக்குத்தான் யாருமில்ல" என்றாள். ஹெஸ்டர் டப்ளினில் ஆளைப் பிடித்து, கடிதம்மேல் கடிதம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை காலை, டீலியா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். ஒரு காலில் ரப்பர் பூட்ஸ் இருந்தது. அடக்கம் திங்கட்கிழமை என்று வைத்தார்கள். எங்கள் பக்கம் திங்களன்று புதுக்குழி தொடங்கமாட்டோம், குடும்பத்துக்கு ஆகாது. ஞாயிறன்றே போய் ஒரு பத்தை புல்லைப் பெயர்த்து வைத்துவிட்டால், குழி ஞாயிறே தொடங்கியதாக ஆகிவிடும். அந்த ஒரு பத்தையை நான்தான் பெயர்ப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஆளாளுக்கு என் கூன் விழுந்த முதுகைப் பார்த்தார்கள், பிறகு மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன். அந்த வாசலில் நான் கேட்காமல் சாவி எடுத்தது அதுதான் முதல்தடவை. வெள்ளைக் கற்களுக்கு ஒரு முழம் தள்ளி, அவளும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறமாதிரி பார்த்து, புல்லைப் பெயர்த்தேன். மறுநாள் இளைஞர்கள் குழியை முடித்தார்கள். மண்ணை எதில் அள்ளுவது என்று ஒருவன் கேட்டான். நான் கொண்டுவந்திருந்தேன். என் அப்பா செய்த அதே கைவண்டி. சக்கரம் இரண்டு முறை மாற்றியாயிற்று. அச்சு, கோல்மன் உடைத்ததற்கப்புறம் போட்டது. நாலு மைல் நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.

எல்லோரும் போனபிறகு நடுக்கூடத்துக்குப் போய் அவன் கல்லறை முன்னால் நின்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கோல்மன்," என்றேன். "வண்டி கொண்டாந்திருக்கேன். வேணுங்கிற வரைக்கும் வச்சுக்கோ."